தேர்வு மண்டபத்தில் மாணவர் உரிமை: வடசென்னையை முன்வைத்து ஒரு வரலாறு

மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையில் அமைந்துள்ள மாத்தூர், 1960-களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தொடர்ந்து உரத் தொழிற்சாலையும் எழுந்த பின்னர்த் தொழிலாளர் குடியிருப்புகளோடு சேர்ந்து வளர்ந்து, 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதியாகும். இங்கிருந்து கலை, அறிவியல் பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவர்க்கு எட்டும் தொலைவில் உள்ளவை வியாசர்பாடியின் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையின் சர் தியாகராயா கல்லூரி, பிரகாசம் சாலையின் பாரதி மகளிர் கல்லூரி போன்றவை. இவை யாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. தன்னாட்சி பெறாத கல்லூரிகளைப் பொறுத்தவரை, இணைவு என்பது, கற்பிக்கும் பொறுப்பு கல்லூரியிடமும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமும் பிரிந்து கிடக்கும் ஏற்பாடு. மாணவரை மூன்றாண்டுகள் அறிந்தவர் அவருடைய இறுதி விடைத்தாளைத் தனியே நின்று தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பவர் அவரை அறியார். பாரபட்சத்தைத் தடுப்பதற்கென்று வகுக்கப்பட்ட இந்த இடைவெளியே, நோயுற்றவரையும் பார்வையற்றவரையும் தவறாக மதிப்பிடப்பட்டவரையும் நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்பாரற்றவராக நிறுத்தியது; தேர்வு தொடர்பாக இன்று மாணவர்க்குள்ள உரிமைகளின் வரலாறு, இந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகச் செப்பனிட்ட வரலாறேயாகும்.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையின் அடிப்படையில், இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் நிறுவப்பட்டன. தொடக்கத்தில் அவற்றுக்கு வகுப்பறைகள் இல்லை. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, தேறியவர்க்குப் பட்டம் அளிப்பது ஆகியவையே அவற்றின் வேலை. 1879இல் கட்டி முடிக்கப்பட்ட சேப்பாக்கம் செனட் மாளிகையின் பெரும் கூடமும் பட்டமளிப்புக்கு மட்டுமன்றித் தேர்வுகளுக்கும் பயன்பட்டது. தேர்வே பல்கலைக்கழகமாக இருந்த அந்த அமைப்பில் ஒரு நன்மையும் இருந்தது. சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக 1858இல் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றவர்கள். எங்கே கற்றார் என்று பாராமல், தாளில் என்ன எழுதினார் என்று மட்டும் பார்க்கும் தேர்வு, கடல் கடந்து வந்தவர்க்கும் கதவைத் திறந்துவிட்டது.

அதே ஆண்டில் கல்கத்தாவில் நடந்தது வேறு வகை. அங்கு நடந்த முதல் பி.ஏ. தேர்வில் ஒருவரும் முழுமையாகத் தேறாத நிலையில், ஒரேயொரு பாடத்தில் மட்டும் குறைந்துபோன பங்கிம் சந்திர சட்டர்ஜிக்கும் ஜதுநாத் போஸுக்கும் ஏழு மதிப்பெண் கூட்டிக் கொடுத்துப் பட்டம் வழங்க முடிவாயிற்று. இந்தியாவின் நவீனப் பல்கலைக்கழகங்களில் கருணை மதிப்பெண் என்பது தேர்வோடு கூடவே பிறந்தது என்று இதைக் கொண்டு சொல்லலாம். ஆனால் கருணை வேறு, உரிமை வேறு: கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது முன்னது, மனம் வைக்காவிட்டாலும் கேட்டுப் பெறக்கூடியது பின்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவரிடம் இருந்தது முன்னது மட்டுமே.

கருணையும் எட்டாதவர்க்கு நேர்ந்தது என்ன என்பதற்கு வடசென்னையே சான்று தருகிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்த சீனிவாச இராமானுசன், 1906இல் அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, இடையில் வயிற்றுக் கடுப்பால் படுத்து ஊர் திரும்பி, எஃப்.ஏ. என்னும் முதற்கலைத் தேர்வில் அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் தோற்றார். மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் இடைப்பட்ட இந்த ஈராண்டுப் படிப்பின் தேர்வில், கணிதத்தில் எவ்வளவு பெற்றாலும் உடலியலில் குறைந்தால் முழுத் தேர்விலும் தோல்வியே. தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுதும் வழியோ, நோயைக் காட்டி மறுவாய்ப்புக் கோரும் வழியோ அவருக்குக் கிட்டவில்லை. 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, துறைமுகத்துக்கு அண்மையில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்து வேலைக்குப் போய்வந்தார்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது பலரும் அறிந்த செய்தி. அது எவ்வாறு வழங்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம். விதிப்படி அத்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இராமானுசனிடமோ இளங்கலையும் இல்லை. ஆட்சிக்குழுவாகிய சிண்டிகேட்டில் இருந்த நீதிபதி பி.ஆர். சுந்தரம் அய்யர், ஆராய்ச்சியை வளர்ப்பதே பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று எனச் சட்டத்தின் முகவுரை கூறுவதை எடுத்துக்காட்டி, அந்த நோக்கத்துக்கு ஏற்பவே விதியைப் பொருள்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். மாணவர் பக்கம் நின்று பல்கலைக்கழகச் சட்டத்தைப் படித்துக் காட்டிய தொடக்ககால வாதங்களில் இதற்குத் தனியிடம் உண்டு. எனினும் அது ஒருவருக்காக, அவருடைய மேதைமைக்காக வைக்கப்பட்ட வாதம். அதே ஆண்டுகளில் ஒரு பாடத்தில் தவறி, பிழைப்புக்கென்று ஏதோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கானோர்க்காக எவரும் முகவுரையைப் புரட்டவில்லை. இராயபுரத்தில் 1993இல் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அமைத்த இராமானுசன் அருங்காட்சியகம் அவருடைய கணிதத்தை நினைவுகூர்வது போலவே, அவரைத் தோற்கடித்த தேர்வுமுறையையும் நினைவுகூரத்தக்க இடமாகும்.

விடுதலைக்குப் பின் அமைந்த இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் முதலில் சீர்திருத்த வேண்டியது தேர்வுதான் என்று 1949இல் அழுத்தமாக எடுத்துரைத்தது. மாற்றம் மெல்லவே வந்தது. 1978இல் இலயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தத் தொடங்கின. பின்னர் இணைவுக் கல்லூரிகளுக்கும் பருவமுறை வந்து, தவறிய தாளை மட்டும் அடுத்த பருவத்தில் எழுதும் ‘அரியர்’ முறை இயல்பாயிற்று. இறுதியாண்டில் ஒரேயொரு தாளில் மட்டும் தவறியவர் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களில் மீண்டும் எழுதும் உடனடித் தேர்வையும் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்படுத்தியது. 1907இல் இராமானுசனுக்கு இத்தகைய வழி ஒன்று இருந்திருந்தால் என்று எண்ணாமல் இந்த விதியைப் படிக்க இயலாது.

தேர்வெழுதும் வாய்ப்பு விரிந்தது ஒருபுறமிருக்க, தேர்வை நடத்துவோர் மாணவர்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கருத்து நீதிமன்றங்களின் வழியே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1954இல் இடைநிலைத் தேர்வெழுதிய மூன்று மாணவரின் முடிவுகள், முறைகேடு செய்தனர் என்று கூறி, அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல் இரத்து செய்யப்பட்டன. 1962இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய எதிர்காலத்தையே பாதிக்கும் இத்தகைய முடிவை எடுக்கும் தேர்வுக்குழு நீதிமன்றத்தை ஒத்த கடமையைச் செய்கிறது என்றும், குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் கேட்காமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தது. இயற்கை நீதி என்பது, மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பு வழங்கலாகாது என்னும் பொதுநெறி. பறக்கும் படையிடம் சிக்கிய மாணவரிடம் இன்று விளக்கம் எழுதி வாங்கி, பின்னர் விசாரணைக்கும் அழைக்கிறார்கள் என்றால் அந்த நடைமுறைக்கு வேர் இத்தீர்ப்பில் உள்ளது. அதே நீதிமன்றம் 1970இல் பீகார் வழக்கொன்றில், ஒரு மையத்தில் கூட்டமாக முறைகேடு நடந்திருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் அம்மையத் தேர்வையே இரத்து செய்யலாம் என்று எல்லை வகுத்தது.

விடைத்தாளைக் காணும் உரிமை இதைவிடக் கடினமாக வந்தது. 1984இல் மகாராஷ்டிர வாரியம் தொடர்பான வழக்கில், விடைத்தாளைக் காட்டுவதையும் மறுமதிப்பீட்டையும் மறுக்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லோருக்கும் காட்டத் தொடங்கினால் முடிவுகளுக்கு இறுதி என்பதே இராது என்னும் அச்சம் அத்தீர்ப்பில் மேலோங்கி நின்றது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின் நிலை மாறியது. சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு எதிராகப் பள்ளி மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2011 ஆகஸ்டு 9 அன்று, மதிப்பிடப்பட்ட விடைத்தாளும் அச்சட்டம் கூறும் தகவலே என்றும், மதிப்பிட்டவரின் அடையாளத்தை மறைத்துவிட்டு அதை எழுதியவர்க்குக் காட்டவும் படி கொடுக்கவும் வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்துவிட்டால் இவ்வுரிமை பயன்படாது என்பதையும் அத்தீர்ப்பே சொல்கிறது.

இந்தப் படியில் மாணவர் காண்பது என்ன? தேர்வு முடிந்ததும் பதிவெண் உள்ள பகுதி நீக்கப்பட்டு, ‘டம்மி எண்’ என்னும் மறைப்பு எண் இடப்பட்ட பின்பே விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறது. முகப்புப் பக்கக் கட்டங்களில் வினாவாரியாக மதிப்பெண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் எழுதப்பட்டிருக்கும். உள்ளே ஒரு பக்கத்தில் விடை திருத்தப்படாமலே விடப்பட்டிருக்கலாம். ஓரத்தில் இட்ட எட்டு, முகப்புக்கு மூன்றாக ஏறியிருக்கலாம். எல்லாம் சரியாயிருந்து கூட்டல் மட்டும் பிசகியிருக்கலாம். கடைசியில் கூறியதற்கு மறுகூட்டல் போதும். விடையின் தரத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கே மறுமதிப்பீடு, அதாவது வேறோர் ஆசிரியர் புதிதாகத் திருத்துவது, தேவைப்படும். எது தமக்கு வேண்டியது என்பதைப் படியைப் பார்த்த பின்பே மாணவர் தீர்மானிக்க முடியும் என்பதால், படி பெறும் உரிமையே மற்ற இரண்டுக்கும் அடிப்படை. மறுமதிப்பீடோ விதியில் இடமிருந்தால் மட்டுமே கோரக்கூடியது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதிப்படுத்தியுள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமும் சில நாள்களே கொண்ட காலக்கெடுவும் இருப்பதால், கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு இவ்வுரிமை பாதி உரிமையாகவே எஞ்சுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கும் சட்டமே முதல் படி. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையற்ற மாணவர்க்குச் சொல்வதை எழுதுபவரைத் தரும் கடமையைக் கல்வி நிறுவனங்களின் மேல் வைத்தது. 2013இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று வரையறுத்ததால், மூன்று மணி நேரத் தேர்வு இவர்களுக்கு நான்கு மணி நேரமாயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்குமாக விரித்தது. விரல்கள் இறுகி எழுத முடியாமற்போகும் நோயுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காடு ஊனம் என்னும் சான்றிதழ் இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்கலாகாது என்று 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு மிகவும் மனிதநேயமானது. கையால் எழுத முடியுமா முடியாதா என்பதே கேள்வி, விழுக்காடு அன்று.

மொழியைப் பொறுத்தவரை, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்புத் தொடங்கியது பெரிய திருப்பம். ஆங்கிலவழியில் சேர்ந்தவரையும் தாய்மொழியில் விடையெழுத விடுமாறு பல்கலைக்கழகங்களைப் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது 2023இல்தான்.

இயற்கைச் சீற்றத்தின்போது மாணவர்க்கு உள்ளது இன்றும் உரிமையன்று, நிருவாகத்தின் முடிவு மட்டுமே. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்து, அதோடு எண்ணெய்யும் கலந்து பரவியபோது பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆனால் தள்ளிவைக்கப்படாத ஒரு நாளில் தம் தெருவில் மட்டும் நீர் வடியாததால் வரமுடியாமற்போனவர் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ தான், அவருக்கு அந்தத் தாள் அடுத்த பருவத்தில் அரியர்தான். பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்முனையைக் காண நேர்ந்தது: 2020 ஆகஸ்டு 26 அன்று, கட்டணம் செலுத்தியிருந்தோரின் அரியர் தேர்வுகளை இரத்து செய்து அவர்கள் தேறியதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது; ஆனால் தேர்வே இல்லாமல் தேர்ச்சி வழங்குவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. முன்கூட்டி எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில் சலுகை இப்படித்தான் அளவின்றிப் பெருகவும் ஒரே நாளில் கலையவும் செய்யும். மாணவர் கேட்க வேண்டியது எழுதப்பட்ட விதியையே.

அத்தகைய விதிகள் அண்மை ஆண்டுகளில் சில வந்துள்ளன. பேறுகால மாணவியர்க்கு வருகைப்பதிவிலும் தேர்வு விண்ணப்பக் கெடுவிலும் தளர்வு அளிக்க விதி வகுக்குமாறு மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. தேர்வுக்கால மன அழுத்தத்துக்கு 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறும் வசதி 2022இல் தொடங்கியது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டது. 2023 ஏப்ரலில் வெளியான மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், தேர்வு நடத்துவதிலும் முடிவு வெளியிடுவதிலும் நேரும் தாமதத்தையும் குறை என்று ஏற்றுக்கொண்டு, கல்லூரி தோறும் குறைதீர்ப்புக் குழுவை அமைக்கச் சொல்கின்றன; குழு 15 வேலை நாள்களுக்குள் தன் பரிந்துரையை அளிக்க வேண்டும், அதில் நிறைவடையாதவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து அமர்த்தப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், இவ்வழிமுறைகள் கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிடப்பட வேண்டும் என்பனவும் அவ்வொழுங்குமுறைகளில் அடங்கும்.