திரைப்பட முன்னறிவிப்பும் ஈழத்துத் தமிழ்ப் பார்வையாளரும்
ஒரு வரலாற்று நோக்கு

திரைப்படத்தின் வரலாறு படம் திரையிடப்படும் நாளிலிருந்தே எழுதப்படுவது வழக்கம். ஆயின், எந்தப் படமும் அந்நாளில் திடீரெனத் தோன்றுவதில்லை. அது வருகின்றது என்ற செய்தி முன்னரே மக்களைச் சென்றடைகின்றது, எதிர்பார்ப்பு வளர்க்கப்படுகின்றது, அந்த எதிர்பார்ப்பே படமாளிகையின் வாயிலில் காசாக மாறுகின்றது. இன்று ‘ரீசர்’ எனவும் ‘ட்ரெயிலர்’ எனவும் வழங்கும் முன்னோட்டங்கள் இந்த நெடிய வளர்ச்சியின் அண்மைக்கால வடிவங்களே. அவை எப்பொழுது, எவ்வாறு, யாரால் வெளியிடப்படுகின்றன என்ற வினா வெறும் வணிக வினாவன்று. ஒரு சமூகத்தின் ஆவலை யார் ஆள்கின்றனர் என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. வடமராட்சியின் கரவெட்டி போன்றதொரு கிராமத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்கும்போது இது மேலும் தெளிவாகின்றது.

கட்டியக்காரனிலிருந்து நோட்டீசு வரை

வருவதை முன்கூட்டி அறிவித்து ஆவலைத் தூண்டும் முறை தமிழ் அரங்குக்குப் புதியதன்று. கூத்துக் களரியில் அரசன் தோன்றுமுன் கட்டியக்காரன் தோன்றுகின்றான். அரசனின் பெயரும் பெருமையும் கூறி அவன் வரவை அறிவிக்கின்றான். பின்னர் வரவுப் பாட்டு எழுகின்றது. அரசன் களரிக்கு வரும்பொழுது சபையோர் அவனை ஏற்கெனவே மனத்திற் கண்டுவிடுகின்றனர். கதையைச் சொல்லாது கதாபாத்திரத்தின் மிடுக்கை மட்டும் காட்டி நிறுத்தும் இன்றைய ரீசரின் இலக்கணம் இதுவேயாகும்.

இசை நாடகங்கள் ஊரூராக மேடையேறிய காலத்தில் அச்சிட்ட நோட்டீசு இப்பணியை ஏற்றது. சலனப்படம் வந்தபோது நோட்டீசும் பறையும் வண்டியும் அதனிடம் வந்து சேர்ந்தன. தென்னிந்தியாவில் சாமிக்கண்ணு வின்சென்ற் போன்றோர் ஊர்ஊராகக் கூடாரம் அடித்துப் படங்காட்டிய ஆண்டுகளில் அறிவிப்புக்கும் காட்சிக்கும் இடையே இருந்த காலம் சில மணி நேரமே. காலையில் பறை ஒலிக்கும். மாலையில் படம் ஓடும். பேசும் படத்துடன் இவ்விடைவெளி அகலத் தொடங்கிற்று. 1931 ஒக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’ வெளியாவதற்கு இரு நாள் முன்னரே ‘சுதேசமித்திரன்’ அப்படத்தைப் பற்றி எழுதிவிட்டது.

இவ்விடைவெளியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் எஸ். எஸ். வாசன். விளம்பரத் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலும் பயின்ற அவர் தமது ஜெமினி நிறுவனத்தின் ‘சந்திரலேகா’ (1948) படத்துக்கு அதுவரை தமிழ்த் திரையுலகு கண்டிராத அளவில் முன்விளம்பரம் செய்தார். படத்தின் தரத்தைக் கூறுவதிலும் அதன் பிரமாண்டத்தைக் கூறுவதே ஆவலை வளர்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான இந்திப் பதிப்புக்கும் இம்முறையே கைகொடுத்தது.

மேலைநாட்டு அனுபவம்

மேலைநாட்டில் முன்னோட்டம் என்பது தனியொரு படச்சுருளாகவே வளர்ந்தது. 1913இல் நியூயோர்க்கில் மார்க்கஸ் லோவின் அரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராயிருந்த நில்ஸ் கிரான்லண்ட் ஓர் இசை நாடகத்துக்காகச் சிறு விளம்பரப் படத்தை ஆக்கிக் காட்டினார். ஆரம்பத்தில் இத்தகைய துண்டுகள் முதன்மைப் படத்தின் பின்னே காட்டப்பட்டமையால் ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் ட்ரெயிலர் என்ற பெயரைப் பெற்றன. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து சென்றுவிட்டமையால் அவை முன்னே கொண்டுவரப்பட்டன; பெயர் மட்டும் மாறவில்லை. 1919இல் நிறுவப்பெற்ற ‘நஷனல் ஸ்கிரீன் சேர்விஸ்’ இவற்றை ஆக்கி அரங்குகளுக்கு வழங்குவதையே தொழிலாகக் கொண்டது.

எப்பொழுது வெளியிடுவது என்ற வினாவுக்கு 1970களில் இரு வேறு விடைகள் கிடைத்தன. 1975 ஜூன் 20இல் வெளியான ‘ஜோஸ்’ படத்துக்காக யுனிவேர்சல் நிறுவனம் வெளியீட்டுக்கு முந்திய மூன்று இரவுகளில் தொலைக்காட்சியில் விளம்பரங்களைக் குவித்தது. அதற்கு ஏறத்தாழ 7 இலட்சம் டொலர் செலவிடப்பட்டது. நானூறுக்கு மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் படத்தைத் திறப்பதற்கு அது உதவியது. மாறாக, 1977 மே மாதம் வெளியான ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் ரீசர் 1976 நத்தார்க் காலத்திலேயே அரங்குகளுக்கு வந்துவிட்டது. அப்போது படவேலைகள் நிறைவுறவில்லை. அருகில் வந்து பெருமுழக்கம் செய்வது ஒரு முறை; தொலைவில் நின்று மெல்லச் சைகை காட்டுவது மறுமுறை. இன்றைய பெரும்படங்கள் இரண்டையும் இணைத்தே பயன்படுத்துகின்றன.

ஈழத்தில் முன்னோட்டம் செவிக்கு வந்தமை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இவற்றிலிருந்து வேறுபட்டது. வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா, ராணி, ராஜா முதலான படமாளிகைகள் யாழ்ப்பாண நகரில் இருந்தன. கரவெட்டியார் யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியிலுள்ள நெல்லியடிச் சந்திக்கு வந்தே பஸ் ஏறி நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சுவரொட்டியும், ஒலிபெருக்கி பூட்டிய காரும், அதிலிருந்து வீசப்படும் வண்ண நோட்டீசுமே படத்தின் வரவை அறிவித்தன. பாட்டுப் புத்தகம் படத்தைக் காணாதவர்க்கும் அதன் கதைச் சுருக்கத்தைத் தந்தது. அச்சுருக்கம் கதையின் முடிவைக் கூறாது வெள்ளித் திரையிற் காணுமாறு பணித்து நின்றது.

இவற்றினும் வலிமை வாய்ந்தது வானொலி. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பிக்கப்பட்டது. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணித்தது. வர்த்தக விளம்பரத்துக்கும் அங்கு 1967 வரை இடமிருக்கவில்லை. எனவே தமிழகப் படத் தயாரிப்பாளர் தமது படத்தைத் தமிழகத்து மக்களுக்கு அறிவிப்பதற்கே கொழும்பை நாடவேண்டியிருந்தது. பாடலின் முதலடிகள், உணர்ச்சி மிக்க வசனத்தின் ஒரு துண்டு, சண்டைக் காட்சியின் ஓசை, உச்சத்தில் அறுந்துபோகும் ஓர் அலறல், அதன்மேல் அறிவிப்பாளரின் குரல் என்று கண்ணுக்குரிய கலையைச் செவிக்குரிய முன்னோட்டமாக இவ்விளம்பர நிகழ்ச்சிகள் மாற்றின. எஸ். பி. மயில்வாகனனின் குரல் இரு கரைகளிலும் அறியப்பட்டதாயிற்று. பின்னர் கே. எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’ இக்கலையை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றது. மூச்சுவிடாது பொழியும் அவரது அறிவிப்பும், வசனத்துண்டுகளுக்கிடையே அவர் புகும் விரைவும் படத்தொகுப்பாளனின் கத்தரிக்கோலுக்கு நிகரானவை.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. அலை சென்னைக்காக ஏவப்பட்டது. ஆயின் அது கரவெட்டியிலும் கேட்டது. தமிழகத்தில் அறிவிப்புக்கும் படத்துக்கும் இடையே இருந்த காலம் சில வாரங்கள். ஈழத்துக் கிராமத்தானுக்கோ அது மாதங்களாகவும் சிலவேளை ஆண்டுகளாகவும் நீண்டது. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தனியுரிமையாக்கிக் கொண்ட பின்னர் இவ்விடைவெளி மேலும் அகன்றது. எந்தப் படம் வரும், எப்பொழுது வரும் என்பதை அந்நியச் செலாவணியும் பங்கீடும் தீர்மானித்தன. பாடல்களும் வசனங்களும் மனப்பாடமான பின்னரே படம் வந்தது. சில படங்கள் வரவேயில்லை. படத்தைக் காணாமலே படத்தை அறிந்த ஒரு பார்வையாளர் கூட்டம் இவ்வாறு உருவாயிற்று. முன்னோட்டம் விருந்துக்கு அழைப்பதாக அன்றி விருந்தாகவே நின்ற நிலை இதுவாகும்.

கரவெட்டியில் 1932இல் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், சாதி வேறுபாடின்றித் தமிழரெல்லாம் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்காகப் படமாளிகையை இனங்காண்கின்றார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுத்த பணமே என்பது அவர் கருத்து. இக்கருத்தை முன்னறிவிப்புக்கும் விரித்து நோக்கலாம். படமாளிகையில் பணம் வேறுபாட்டைத் தந்தது. வானொலி விளம்பரமோ நுழைவுச் சீட்டையும் கேட்கவில்லை. சொந்தமாக வானொலி இல்லாதவனும் தேநீர்க் கடை வாங்கிலிருந்து அதைக் கேட்டான். மாலைக் காட்சிக்குத் தனித்துச் செல்ல அனுமதிக்கப்படாத பெண்கள் அடுக்களையிலிருந்து அதைக் கேட்டனர். படமாளிகையினும் பரந்த சபை முன்னோட்டத்துக்கே வாய்த்தது.

சொந்தப் படத்துக்கு அறிவிப்பு இல்லாமை

இத்துணைப் பெரிய ஒலிபரப்பு நிலையம் சொந்த நாட்டில் இருந்தும் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் அதனாற் பெற்ற பயன் யாது? 1962இல் ‘சமுதாயம்’ தொடங்கி ஈழத்தில் தமிழ்ப்படங்கள் வெளிவந்தன. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972) யாழ்ப்பாணத்து மண்ணையும் மக்களையும் திரையிற் காட்டிற்று. தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977) யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் கூர்ந்து நோக்கிற்று. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது; அவ்வாண்டில் மட்டும் ஐந்துக்கு மேற்பட்ட ஈழத்துத் தமிழ்ப்படங்கள் திரையைக் கண்டன. ஆயினும் இம்முயற்சிகள் தொடர்ந்து நிலைக்கவில்லை. ‘பொன்மணி’ விமர்சகரின் பாராட்டைப் பெற்றும் வசூலிற் தோற்றது.

இத்தோல்விக்குத் தொழில்நுட்பக் குறைவும் மூலதனக் குறைவும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவை உண்மையே. எனினும் எதிர்பார்ப்பின் வறுமையையும் அவற்றோடு சேர்த்தல் வேண்டும். தமிழகப் படமொன்று ஈழத்துக்கு வரும்பொழுது அதற்கு முன்னரே பாடல்களும் வசனங்களும் நடிகரின் பெயரும் ஆண்டுக்கணக்கிற் செவியில் ஊறியிருந்தன. ஈழத்துப் படம் யாரும் எதிர்பாராத விருந்தினனைப் போல வந்து நின்றது. இக்கூற்றுக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றி அதனையே நிறுவுவது ‘கோமாளிகள்’ (1976) படமாகும். எஸ். ராம்தாசின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலித் தொடர் நாடகத்திலிருந்து பிறந்தது அது. படம் வருமுன்னரே கதாபாத்திரங்களின் குரலும் பேச்சுமொழியும் வீடுதோறும் பழக்கமாகியிருந்தன. வானொலி நாடகமே அதன் முன்னோட்டமாயிற்று. படமும் மக்களிடையே வரவேற்பைப் பெற்றது. கலைத்தரத்தில் அதனினும் மேம்பட்ட ‘பொன்மணி’க்கு அத்தகைய கட்டியக்காரன் கிடைக்கவில்லை.

போரும் இணையமும்

1980களில் வீடியோ வந்தது. 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றி இருண்ட ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். அக்காலத்தில் படத்தின் முன்னறிவிப்பு என்பதே பொருளற்றதாயிற்று; மின்பிறப்பாக்கியின் உதவியுடன் எந்தப் படம் கிடைத்ததோ அதுவே படம்.

2009இல் போர் முடிந்தபின் வந்த மாற்றம் முந்திய வரலாற்றைத் தலைகீழாக்கியது. ‘கபாலி’யின் ரீசர் 2016 மே 1இல் இணையத்தில் வெளியானது; படம் ஜூலை 22இல் வந்தது. ‘விக்ரம்’ படத்தின் தலைப்பு முன்னோட்டம் கமல்ஹாசனின் பிறந்தநாளான 2020 நவம்பர் 7இல் வெளியிடப்பட்டது. படமோ 2022 ஜூன் 3இல் வெளியானது. இத்தகைய முன்னோட்டம் படத்தின் ஒரு பகுதியன்று. எடுக்கப்படவிருக்கும் படத்துக்கான வாக்குறுதி. அது இரசிகரை மட்டும் நோக்கியதுமன்று. விநியோக உரிமை, வெளிநாட்டு உரிமை, தொலைக்காட்சி உரிமை ஆகியவற்றை வாங்குவோருக்கும் படத்தின் மதிப்பை அது உணர்த்துகின்றது. நடிகரின் பிறந்தநாளும் பண்டிகை நாளும் வெளியீட்டு நாட்களாகத் தெரிவுசெய்யப்படுவதற்கு, அந்நாட்களில் இரசிகர் கவனம் ஏற்கெனவே ஒருமுகப்பட்டிருத்தலே காரணமாகும்.

சென்னையில் முன்னோட்டம் வெளியாகும் அதே கணத்தில் கரவெட்டி இளைஞனின் கைத்தொலைபேசியிலும் ரொறன்ரோவிலுள்ள அவன் உறவினனின் கைத்தொலைபேசியிலும் அது ஒளிர்கின்றது. ஆண்டுக்கணக்கான இடைவெளி நொடியாகச் சுருங்கிவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முன்னறிவிப்பின் காலத்தை நிர்ணயித்த ஆற்றல்கள் மாறி வந்திருப்பது புலனாகும். பறை ஒலித்த காலத்தில் ஊரும், வானொலிக் காலத்தில் தயாரிப்பாளரின் பணமும், கூட்டுத்தாபனக் காலத்தில் அரசின் இறக்குமதிக் கொள்கையும் அதனைத் தீர்மானித்தன. இணையக் காலத்தில் பெரு நிறுவனங்களின் நாட்காட்டி தீர்மானிக்கின்றது. மாறாதிருப்பது ஒன்றே: ஈழத்துத் தமிழன் பிறருடைய அறிவிப்புக்குக் காத்திருப்பவனாகவே பெரும்பாலும் இருந்துள்ளான்.

ஆயினும் இன்றைய நிலை முற்றிலும் நம்பிக்கையற்றதன்று. 1977இல் ‘பொன்மணி’க்கு எட்டாதிருந்த ஒலிபரப்பு வாய்ப்பு இன்று ஒரு கைத்தொலைபேசியின் விலைக்குக் கிடைக்கின்றது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழா உள்ளூர்ப் படைப்பாளிகளுக்கும் களம் அமைத்தது. நல்ல படத்தை எடுத்தல் கலைஞனின் கடமை. அதன் வரவுக்காக மக்களை ஆயத்தஞ் செய்தலும் அக்கடமையின் ஒரு பகுதியே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. கட்டியக்காரன் இன்றிக் களரிக்கு வரும் அரசனைச் சபை அறியாது. நமது கூத்து மரபு நன்கறிந்திருந்த இவ்வுண்மையை நமது திரைப்பட முயற்சிகளும் அறிந்து செயற்படுதல் வேண்டும்.