ஒரு கல்தூசி மழையாகும் வழி

பல்லாவரத்து மலைக்கல்லுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்: சார்னோகைட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சூட்டியது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகையும் சென்னைக் கல்தான் என்று கண்டு, அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதான பாறை. அதில் குவார்ட்ஸ் உண்டு, ஹைப்பர்ஸ்தீன் உண்டு, மைக்ரோகிளைன் என்ற பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. அந்த மைக்ரோகிளைனில் ஒரு துகளை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள ஒன்றை, நாம் பின்தொடர்வோம்.

அது பாறையை விட்டு வெளியே வருவது வெடி வைக்கும்போதோ கிரஷரில் அரைபடும்போதோதான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் குவாரிக் கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரி ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வருகிறது. தொழிற்சாலைத் தளங்கள், ஆறுவழிச் சாலைகள், தொழிலாளர் விடுதிகள் எல்லாம் அதில் எழுந்தவை. வழியில் சிந்தும் தூளை வண்டிச் சக்கரங்கள் மறுபடி அரைக்கின்றன. பெரிய துகள் சாலையோரத்திலேயே படிந்துவிடும். நம் துகள் அவ்வளவு சுலபமாகக் கீழே இறங்காது. சின்னக் காற்று போதும், நாள்கணக்கில் மிதக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்து வானம் ஒரு முறைமையோடு நடந்துகொள்ளும். பகலெல்லாம் மேற்கிலிருந்து அனல்காற்று. பிற்பகலில் கடற்காற்று மெல்ல உள்ளே நுழைகிறது. இரண்டும் மோதும் கோடு பல நாள்களில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே விழுகிறது. மோதிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. வானிலை அறிக்கையில் ‘வெப்பச்சலனம்’ என்று வாசிப்பார்களே, அது இதுதான். இந்த ஏற்றத்தில் நம் துகளும் மேலே போகிறது.

ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஈரம் துளிகளாகிறது. கடலுப்பும் புகையிலிருந்து வந்த சல்பேட்டும் துளிகளுக்கு அடித்தளம். அப்படிப்பட்ட ஒரு துளிக்குள் நம் துகள் அகப்பட்டுக்கொள்கிறது. ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் வெளியே பூஜ்ஜியம் டிகிரி. பள்ளிக்கூடப் பாடத்தின்படி தண்ணீர் அங்கே உறைய வேண்டும். உறைவதில்லை. மைனஸ் 5, மைனஸ் 10 என்று குளிர்ந்துகொண்டே போகும்போதும் பெரும்பாலான துளிகள் திரவமாகவே இருக்கின்றன. இதை மீக்குளிர் நீர் என்கிறோம். ஃபாரன்ஹீட் 1721-லேயே இதைப் பார்த்துவிட்டார். கண்ணாடி உருண்டையில் அடைத்த மழைநீர் மைனஸ் 9 டிகிரி வாக்கில் ஓர் இரவெல்லாம் கிடந்தும் உறையாததைக் கண்டு வியந்தார்.

காரணம் எளிது. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அசைபவை. குளிரில் அவற்றில் சில, கண நேரம் பனிக்கட்டியின் ஒழுங்கில் வந்து நிற்கும். ஆனால் அந்தக் கூட்டம் சின்னதாக இருந்தால் நிலைக்காது. பனியாவதில் கிடைக்கும் லாபத்தைவிட, பனிக்கும் நீருக்கும் நடுவே புதிதாக ஒரு பரப்பை உண்டாக்கும் செலவு அதிகம். கூட்டம் ஓர் அளவைத் தாண்டினால்தான் கணக்கு மாறி, மளமளவென்று வளரும். குளிர் கூடக் கூட அந்த அளவு சிறிதாகும். மேகத்துளியில் அந்நியப் பொருள் எதுவும் இல்லையென்றால் மைனஸ் 38 டிகிரி வாக்கில்தான் அது தானாக உறையும். நம் ஊர் வானத்தில் அதற்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நீரில் உப்பு அடர்த்தியாகக் கரைந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

நம் துளிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உள்ளே கல் இருக்கிறது. புள்ளி வைத்தால் கோலம் தானே வருவதுபோல, மைக்ரோகிளைனின் பரப்பு நீர் மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்திக் கொடுக்கிறது. பாலைவனத் தூசியில் எது துளியை உறையவைக்கிறது என்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் தேடியபோது, களிமண் கனிமங்களை முந்திக்கொண்டு பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார்தான் முன்னால் நின்றது, அது 2013-ல். ஃபெல்ட்ஸ்பாரின் மேற்பரப்பு முழுவதும் வேலை செய்வதில்லை, வெடிப்புகளிலும் படிக்கட்டு விளிம்புகளிலும் தெரியும் சில இடங்களில்தான் பனி பிடிக்கிறது என்று 2017-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேவில் நுண்ணோக்கி வழியே கண்டார்கள். கந்தக அமிலம் படிந்தால் அந்த இடங்கள் மழுங்கிவிடும் என்பதும் ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. ஆகவே டீசல் புகையோடு வெகுதூரம் அலைந்த துகளைவிட, புதிதாக உடைந்த துகளுக்கு வாய்ப்பு அதிகம்.

மைனஸ் 15 டிகிரியை ஒட்டி, ஏழரை கிலோமீட்டர் உயரத்தில், ஒரு வெடிப்பில் பனி பிடிக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் துளி உறைகிறது. உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 334 ஜூல் வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் சேர்ந்து மேகத்தை இன்னும் உந்தித் தள்ளுகிறது.

அடுத்து நடப்பதை 1911-ல் ஆல்ஃபிரெட் வேகனர் சுட்டிக்காட்டினார். 1930-களில் ஸ்வீடனின் தோர் பெர்கெரோன் விரித்துரைத்தார். மீக்குளிர் நீருக்குப் பக்கத்தில் பனி இருந்தால், நீர்த்துளிகள் ஆவியாகி வற்ற, அந்த ஆவியை வாங்கிப் பனி பெருக்கிறது. போதாததற்கு, மோதும் துளிகளும் அதன்மேல் ஒட்டி உறைகின்றன. துகளைச் சுற்றி ஒரு பனிக்குருணை உருவாகிவிட்டது. குருணை கீழிறங்கி மைனஸ் 3-க்கும் மைனஸ் 8-க்கும் இடைப்பட்ட அடுக்கில் துளிகளைப் பிடிக்கும்போது சில்லுகள் தெறிக்கின்றன. ஹாலெட், மாஸப் இருவரும் 1974-ல் காட்டியது இது. ஒவ்வொரு சில்லும் இன்னொரு துளியை உறையவைக்கும். குருணையும் படிகமும் உரசி மின்னேற்றம் பிரிகிறது. ஒரகடத்தில் மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இடி இடித்தால், தலைக்கு மேலே பனிக்கட்டி இருக்கிறது என்று பொருள்.

ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் குருணை உருகுகிறது. அங்கிருந்து தரைக்குப் பத்து நிமிடப் பயணம். துகள் இப்போது மழைத்துளிக்குள் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலோ, ஏரிக்கு வரும் ஓடையிலோ விழுந்து வண்டலோடு சேர்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி, சென்னைக்குக் குடிநீர் தருவது.

எல்லா மழைக்கும் இந்தப் பனிக்கதை பொருந்தாது. வெப்பநாட்டு மேகங்களில் துளியோடு துளி சேர்ந்தே, உறையாமலே, மழை பெய்வதும் உண்டு. ஆனால் மேற்கே கறுத்து, இடியோடு வந்து கொட்டும் மாலை மழைக்குப் பனி வேண்டும். பனிக்குத் துகள் வேண்டும். சில்வர் அயோடைடு பனி பிடிக்கவைக்கும் என்று பெர்னார்ட் வானகட் 1946-ல் கண்டுபிடித்ததும், தமிழ்நாடு அரசு 1980-களின் வறட்சியில் மேகத்தில் விதை தூவிப் பார்த்ததும், வானத்துக்கு இப்படிப்பட்ட துகளைக் கையால் கொடுக்கும் முயற்சிதான்.

அப்படியானால் குவாரித் தூசி நல்லதுதானே என்று யாராவது கேட்டால், எண்களைச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் மேகக் காற்றில் துளிகள் லட்சக்கணக்கில் இருக்கும். பனி பிடிக்கவைக்கும் துகள் சுமாராக ஒன்றுதான் இருக்கும். மழைக்கு அதுவே போதும். பாலைவனமும் உழுத வயலும் அதைக் கொடுத்துவிடும். லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவர் விழுங்கும் தூசிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. அது நுரையீரலுக்குத்தான் போகிறது. கிரஷரில் தண்ணீர் தெளிக்கட்டும், டிப்பரைத் தார்ப்பாய் போட்டு மூடட்டும். அதனால் மழை குறைந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம்.