சிறைக்கு வந்த புறா

ஹென்றி வையட் என்ற பெயர் நம் வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். இத்தாலியப் பாவடிவமான சானட்டை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்த கவிஞர் தாமஸ் வையட்டின் தந்தை அவர். ஒரு பூனை புறாக்களைக் கவ்வி வந்து கொடுத்திராவிடில் அந்தத் தந்தை பிழைத்திருக்க மாட்டார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாக நம்பி வந்த செய்தி.

மூன்றாம் ரிச்சர்டு இங்கிலாந்தை ஆண்டது 1483 முதல் 1485 வரை. அவனுக்கு எதிராக ஹென்றி டியூடரின் பக்கம் நின்றமையால் வையட் சிறைப்பட்டார். குளிராலும் பசியாலும் நலிந்து கிடந்த அவரிடம் ஒரு பூனை வந்தது. அதை அவர் மார்போடு அணைத்துக் குளிர் காய்ந்தார். பின்னர் அப்பூனை அக்கம்பக்கத்துப் புறாக்கூண்டிலிருந்து நாள்தோறும் ஒரு புறாவைக் கவ்வி வந்ததாம். கூடுதல் உணவு தரத் துணியாத காவலன், கைதி தானாக எதையேனும் பெற்றால் சமைத்துத் தருவதாக மட்டும் ஒப்பியிருந்தான். 1485இல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்டு மடிய, வையட் மீண்டார், அரசவையில் உயர்ந்தார், 1492இல் கென்ட் பகுதியின் அலிங்டன் கோட்டையை வாங்கினார். பிறர் வேட்டை நாய்களைப் போற்றியதுபோல் அவர் இறுதிவரை பூனைகளைப் போற்றினார் என்கின்றன குடும்பக் குறிப்புகள்.

இவையெல்லாம் பின்வந்தோர் எழுதிவைத்தவை. சிறை இருந்த இடம் லண்டன் கோபுரமா, ஸ்காட்லாந்தா என்பதிலேயே ஆய்வாளரிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே இதைப் புனைகதை என்று ஒதுக்குவது எளிது. நாம் அவ்வளவு விரைந்து ஒதுக்க விரும்பவில்லை. பூனை ஏன் பொருள்களைக் கொண்டுவருகிறது என்று இன்று அறியப்பட்டுள்ளவற்றோடு வைத்துப் பார்த்தால் இக்கதை வேறு முகம் காட்டுகிறது.

தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் கொன்ற இரையையும், பின்னர் உயிருள்ள இரையையும் கொண்டுவந்து வேட்டை பழக்கும். ஜெர்மானிய அறிஞர் பவுல் லைஹவுசன் இதை விரிவாக ஆராய்ந்தார். வேட்டை வேட்கை பசியோடு பிணைந்ததன்று, உண்ட பூனையும் வேட்டையாடும் என்றும் காட்டினார். இதையொட்டி, வேட்டை தெரியாத குட்டியாகவே பூனை நம்மைக் கருதுகிறது என்று டெஸ்மண்ட் மோரிஸ் 1986இல் எழுதினார். கேட்க இனிய விளக்கம்; நம் செருக்கையும் சற்றே தட்டிவைப்பது. ஆயினும் குட்டி வளர்க்காத ஆண் பூனைகளும் இரை கொண்டுவருகின்றனவே! 2013இல் ஜான் பிராட்ஷா கூறியது எளிமையானது: பூனை தன் இரையை அச்சமின்றி உண்ணத்தக்க இடத்துக்குக் கொண்டுவருகிறது, வந்தபின் வீட்டு உணவே சுவையானது என்று நினைவுவர, கொணர்ந்ததைப் போட்டுவிட்டுப் போகிறது. தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்த விலங்குக்கு (வெருகு என்ற நம் பழஞ்சொல் இங்கு நினைவுக்கு வருகிறது) அது இயல்பே.

இனி அந்தச் சிறையறையை நோக்குவோம். நாய் நுழையாத இருட்டு. எழுந்து விரட்டும் வலுவற்ற ஒரு மனிதன். படுத்துறங்க அவன் மார்புச் சூடு. பூனைக்கு இதைவிட நல்ல வளை ஏது? புறாவை அது வையட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. தன் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். அந்த இடத்தில் பசித்த ஒருவர் இருந்தார். சுவையான வேற்றுணவு அங்கு இல்லாததால், பூனை தானாக விட்டுச்சென்றது என்பதைவிட, அதன் வாயிலிருந்து அவர் பறித்துக்கொண்டார் என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. 'நாள்தோறும்' என்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சேர்ந்த சொல்லாக இருக்கும். இரண்டொரு புறாக்கள் என்று கொண்டால் கதையில் நம்ப இயலாதது எதுவுமில்லை.

கென்ட்டின் பாக்ஸ்லி தேவாலயத்தில் உள்ள குடும்ப நினைவுக் கல்வெட்டு, பூனையால் ஊட்டிக் காக்கப்பட்டவர் என்றே அவரைக் குறிக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஹோல்பைன் தீட்டிய வையட்டின் முதுமைக்கால ஓவியம் உள்ளது. அதில் பூனை இல்லை.