தேர்வுக் கொட்டடி

ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நிற்கிறான் சிறுவன். அவமதிப்பல்ல, அங்கே அதுதான் முறை! மேசைமீது ஏடு திறந்து கிடக்கிறது. அதைக் கண்ணால் காணக்கூடாது என்பதற்காகவே திரும்பி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கன்பூசியசின் மொழிகள் கடகடவென்று வாயிலிருந்து வருகின்றன. ஓரிடத்தில் நா தடுமாறுகிறது. பிரம்பு பேசுகிறது! மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறான். பொருள் என்னவென்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது. மனப்பாடம் முன்னர், பொருள் பின்னர் என்பது அந்தப் பள்ளியின் சட்டம்.

நாம் கூறுவது சீன நாட்டுச் சரிதம். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் வீடுகளில் பரபரப்பு மூள்கிறது. தாய் உண்ணாது விழித்திருப்பதும், தந்தை கடன்பட்டுத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவதும், பையன் பேனாவைக் கோயில் படியிலே வைத்து எடுப்பதும் நாம் காணும் காட்சிகள். இவை நமக்கு மட்டுமே உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஒரு பெருநாடே தேர்வுக்காகப் பிள்ளை பெற்றது, தேர்வுக்காகப் பிள்ளை வளர்த்தது. அந்தக் கதையை அறிந்துகொள்வது நல்லது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுயி மரபு மன்னர்கள் காலத்தில், அரசு அலுவலுக்கு ஆள் எடுக்கத் தேர்வு என்ற முறை முளைத்தது. பின்வந்த தாங் மரபிலே தளிர்த்து, சோங் மரபிலே மரமாயிற்று. அதன் பெருமையை நாம் மறைக்கமாட்டோம். பிறப்பைக் கேட்டுப் பதவி தந்த உலகிலே, எழுத்தைப் பார்த்துப் பதவி தருவோம் என்று ஓர் அரசு சொன்னது சிறு செய்தியா! ஓதுவதற்கு உனக்கு உரிமையே இல்லை என்று வருணம் கூறிப் பெரும்பாலோரை ஏட்டுப் பக்கமே நெருங்கவிடாத நாட்டிலே பிறந்த நாம், அதை வியப்போடுதான் பார்க்கவேண்டும். சோங் காலத்திலே விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று, எழுத்தர்களை அமர்த்தி ஒவ்வொரு விடையையும் படியெடுக்கச் செய்து, அந்தப் படியைத்தான் திருத்துவோரிடம் கொடுத்தார்கள். நேர்மைக்கு இவ்வளவு பாடுபட்ட அரசுகள் பல இல்லை.

எனினும், தாளிலே பெயரை மறைத்துவிடலாம். தாளை எழுதக் கைக்குப் பயிற்சி தந்த செல்வத்தை மறைக்க முடியுமா?

நான்கு நூல்கள், ஐந்து மறைநூல்கள். இவையே பாடம். உரைகளை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் எண்ணினால் 4,30,000 எழுத்துகளுக்கு மேல் வரும் என்று சீனத் தேர்வு முறையை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் மியாசாகி கணக்கிட்டுக் காட்டினார். நாளொன்றுக்கு 200 எழுத்து மனத்தில் ஏற்றினாலும் ஆறு ஆண்டுகள்! ஏழெட்டு வயதிலே உட்கார்ந்தவன் பதினைந்து வயதிலே எழுந்தால் அவன் கெட்டிக்காரன். அந்த ஆண்டுகளிலே அவன் கதிர் அறுக்கக்கூடாது, எருமை மேய்க்கக்கூடாது, தம்பியைத் தூக்கக்கூடாது. ஏர் பிடிப்பவன் வீட்டிலே இது நடக்குமா? ஒரு கை குறைந்தால் ஒரு வேளைச் சோறு குறையும் வீடு அது. ஆகவேதான் குலப்பெரியவர்கள் கூடி, பொதுநிலத்தின் வருவாயிலிருந்து பள்ளி வைத்து, உறவுக்குள்ளே கூர்மையான பையனைப் பொறுக்கியெடுத்துப் படிக்க வைத்தார்கள். அது அறமும்தான், முதலீடும்தான். அவன் அதிகாரி ஆனால் குலத்துக்கே குடை கிடைக்கும். அவன் தோற்றால்? அந்தப் பதினைந்து வயதுத் தோளிலே ஒரு குலமே ஏறி உட்கார்ந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளை பிறக்கும் முன்பே பயிற்சி தொடங்கிற்று என்றால் நம்புவீர்களா? கருவுற்ற பெண் நேராக உட்காரவேண்டும், நல்ல செய்யுளைப் பிறர் படிக்கக் கேட்கவேண்டும், அப்போதுதான் வயிற்றிலுள்ளது அறிஞனாகும்! தேர்வில் முதல்வனாக வருக என்று பொறித்த காசுகளைத் திருமண வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் வாரி இறைத்தார்கள். ஐந்து ஆண்மக்களும் தேர்வில் வெல்க என்று பொறித்த கண்ணாடிகள் மணமகளின் சீர்வரிசையிலே சென்றன. ஆண்மக்கள்! பெண்ணுக்குத் தேர்வுக்கூடத்தின் வாயில் என்றுமே திறந்ததில்லை. மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தாய்மார்கள் பலர் உண்டு. அந்தத் தாய் தானே தேர்வெழுத முடியாது.

கடவுளரும் வந்து சேர்ந்தனர். கல்விக்கு வென்சாங் என்றொரு தேவன். அவனுக்குத் துணையாக, ஒரு கையில் தூரிகையும் மறு கையில் மரக்காலும் ஏந்திய குய்சிங் என்னும் கோர உருவத்தான். தேர்வுக் காலம் வந்தால் இவர்கள் கோயிலிலே ஊதுவத்திப் புகை வானை முட்டும். வென்றவனும் தொழுதான், தோற்றவனும் தொழுதான். நூறு பேர் தொழுதபின் ஒருவன் வென்றால், மற்றத் தொண்ணூற்றொன்பது பேரின் ஊதுவத்தி என்னவாயிற்று என்று கேட்க எவனுக்கும் தோன்றவில்லை! தோற்றவன் தன் முற்பிறவியை நொந்தான்.

இனித் தேர்வுக்கூடத்துக்குள் நுழைவோம். நான்கிங் நகரத்திலே மாகாணத் தேர்வு நடந்த இடத்தில் 20,000-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அறை என்பது மரியாதைச் சொல். கொட்டடி என்பதே பொருந்தும். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, கதவு கிடையாது. பலகையொன்று மேசை, பலகையொன்று இருக்கை. இரவில் இரண்டையும் சேர்த்தால் படுக்கை, ஆனால் காலை நீட்ட முடியாது. படுக்கைத் துணி, சோற்றுப் பானை, மை, தூரிகை, மலச்சட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரவேண்டும். வாயிலிலே படைவீரர் உடலைத் தடவிச் சோதிப்பர். பலகாரத்தைப் பிட்டு உள்ளே தாள் இருக்கிறதா என்று பார்ப்பர். சும்மா அல்ல, உள்சட்டை முழுதும் எறும்பு வரிசைபோல மறைநூல்களை எழுதி அணிந்து வந்தவர் உண்டு. அத்தகைய சட்டைகள் இன்றும் காட்சிச்சாலைகளில் உள்ளன. ஒழுக்கம் போதிக்கும் நூலை ஒழுக்கம் கெட்டு எழுதுவதற்காக அணிந்த சட்டை!

மூன்று நாள், இரண்டு இரவு. அப்படி மூன்று தவணை. மழை பெய்தால் தாளைக் காப்பதா, தலையைக் காப்பதா? உள்ளே ஒருவன் மாண்டுபோனாலும் முத்திரையிட்ட பெருங்கதவு திறக்கப்படமாட்டாது. பிணத்தைப் பாயிலே சுருட்டி மதிலுக்கு மேலாக வெளியே தள்ளினார்கள் என்று கூறுகிறார் மியாசாகி. இத்தனை கடந்தும் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான் தேறினர்.

தேறியவன் கதி என்ன? பதினெட்டாம் நூற்றாண்டிலே வூ ஜிங்சு எழுதிய நாவலிலே ஃபான் ஜின் என்றொரு பாத்திரம். ஐம்பதைக் கடந்தும் ஏட்டை விடாத ஏழை. மாமனார் கசாப்புக்காரர், மருமகனைத் திட்டாத நாளில்லை. வீட்டிலே அரிசியில்லை, கோழியை விற்கச் சந்தைக்குப் போயிருக்கிறார் ஃபான். தேறிவிட்டார் என்ற செய்தி வருகிறது. திரும்பி வந்து அறிக்கையைப் படித்தவர், மகிழ்ச்சி தாளாமல் மூளை கலங்கித் தெருவிலே ஓடுகிறார், சேற்றிலே விழுகிறார். அவர் அஞ்சும் ஆள் அறைந்தால் தெளியும் என்று யாரோ யோசனை கூற, மாமனாரை அழைக்கிறார்கள். நேற்றுவரை உதைத்த மாமனாருக்கு இன்று கை நடுங்குகிறது, மருமகன் இப்போது வானத்து நட்சத்திரமல்லவா! நகைக்கத்தான் எழுதினார் ஆசிரியர். நமக்கு நகைப்பு வந்து, உடனே நின்றுவிடுகிறது.

தோற்றவன் கதி? அதற்குக் கற்பனை தேவையில்லை. குவாங்துங் மாகாணத்து ஹக்கா குடும்பமொன்றிலே 1814-இல் பிறந்தவன் ஹோங் சியுசுவான். கூர்த்த புத்தி. குடும்பமும் உறவும் அவனையே நம்பியிருந்தன. நான்கு முறை சென்றான். நான்கு முறையும் தோற்றான். 1837-இல் தோற்றபோது காய்ச்சலோடு ஊர் திரும்பிப் படுத்தவன், விண்ணுலகம் சென்றதாகக் கனவு கண்டான். 1843-இல் கடைசித் தோல்வி. அதன்பின், முன்பு கையில் கிடைத்த கிறித்தவச் சிற்றேடொன்றைப் படித்து, அந்தக் கனவுக்குப் பொருள் கண்டுபிடித்தான். தான் ஏசுவின் தம்பியாம்! 1851-இல் தைப்பிங் அரசை அறிவித்தான், 1853-இல் நான்கிங்கைப் பிடித்தான். 1864-இல் அது வீழ்ந்தபோது மாண்டவர் தொகை இரண்டு கோடிக்குக் குறையாது என்பர். அந்தப் போருக்குப் பஞ்சமும் நிலவரியும் ஊழலும் காரணங்கள். தேர்வுத் தோல்வி மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அரசன் ஆனதும் அவன் செய்த வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? தேர்வு நடத்தியது! பாடநூலை மட்டும் மாற்றிக்கொண்டான்.

வாயிலில் நிற்கவே உரிமையற்றவரும் இருந்தனர். தேர்வுக்குப் பெயர் கொடுப்பவன் மூன்று தலைமுறை முன்னோர் பெயரை எழுதித் தரவேண்டும். அடிமை, கூத்தாடி, கணிகை, அரசு மன்றத்து ஏவலாள் ஆகியோரின் வழிவந்தவனாயின் திரும்பிப் போகவேண்டியதுதான். 1720-களில் யோங்செங் மன்னன் சில கூட்டத்தாரின் இழிவைச் சட்டத்தால் நீக்கினான். ஆயினும் தலைமுறைகள் சில கடந்த பின்னரே அவர்களுக்குத் தேர்வுரிமை என்று பின்னர் விதித்தார்கள். எழுத்தைப் பார்க்கும் தேர்வுதான். ஆனால் எழுதும் முன்பு பிறப்பைப் பார்க்கும் தேர்வு!

இந்த முறையின் நிழல் நம்மீதும் விழுந்தது. சீனத் தேர்வைப் பற்றி ஐரோப்பாவில் வியந்து எழுதினார்கள். இந்தியாவை ஆள அதிகாரிகளைப் போட்டித் தேர்வால் எடுக்கும் முறை 1855-இல் இலண்டனில் தொடங்கிற்று. 1922 வரையில் அந்தத் தேர்வு இலண்டனில் மட்டும்தான். 1870-களின் இறுதியில் வயது வரம்பைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். மீசை அரும்பாத பையனைக் கப்பலேற்றி அயல்நாட்டிலே படிக்க வைக்க எவரால் முடியும்? கடல் கடந்தால் தீட்டு என்று சாத்திரம் பேசிய குடும்பங்களே, பதவி என்றதும் அந்தச் சாத்திரத்தைச் சற்றே மடித்து வைத்த வேடிக்கையும் நடந்தது.

சீனத்திலே பழைய தேர்வு 1905-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒழிந்தது. பீரங்கிக்கு முன்னால் பாட்டு நிற்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன், 1893-இல், பெரிய அதிகாரியொருவர் தம் மகன் தேறுவதற்காகத் தேர்வதிகாரிக்குக் கையூட்டு அனுப்பிச் சிறை சென்றார், குடும்பம் நொடித்தது. அந்த வீட்டுப் பேரன்தான் பின்னாளில் லூ சுன் என்ற பெயரில் எழுதி, பழஞ்சீனத்தின் முகமூடியைக் கிழித்த எழுத்தாளர்.

புதிய சீனம் 1952-இல் பல்கலைக்கழக நுழைவுக்கு நாடு முழுவதற்கும் பொதுத் தேர்வு வைத்தது. 1966-இல் கலாசாரப் புரட்சி அதை நிறுத்திற்று. சமத்துவம் என்றார்கள், பின்னர் பரிந்துரையால் இடம் கிடைத்தது, அதாவது செல்வாக்கால் கிடைத்தது! 1977 டிசம்பரில் தேர்வு மீண்டபோது 57 லட்சம் பேர் எழுதினர். வயலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் வந்தனர். வினாத்தாள் அச்சடிக்கத் தாள் போதவில்லை; மாவோவின் நூல் அச்சிட வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார்கள். இடம் பெற்றோர் 2,73,000 பேர். தேர்வைப் பழிப்பவர் இந்தக் காட்சியையும் மறக்கக்கூடாது. அந்த உழவர் மக்களுக்கு அது கதவு.

ஆயினும் பழைய மரபுகள் சாகவில்லை. 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் அத்தேர்வை எழுதினர். தேர்வு நாளில் வண்டிகள் ஒலி எழுப்பக்கூடாது, கட்டட வேலை நிற்கவேண்டும். தாய்மார் செந்நிற உடை உடுத்துப் பள்ளி வாயிலில் நிற்கின்றனர், வெற்றி வருமாம்! அன்ஹுயி மாகாணத்து மாவோதான்சாங் என்ற சிற்றூர் தேர்வுப் பயிற்சிக்காகவே வாழ்கிறது. வேலையை விட்டுவிட்டுத் தாய்மார் அங்கே சிற்றறை பிடித்து, பையனுக்குச் சோறாக்கி ஓராண்டு காத்திருக்கின்றனர். பள்ளிக்குப் பின்புறம் ஒரு மரம். அதன் அடியில் ஊதுவத்தி எரிகிறது. தனிப்பயிற்சி வணிகத்தை 2021-இல் அரசு ஒடுக்கியபோது, செல்வர் வீட்டிலே ஆசிரியர் வேறு பெயரில் உள்ளேயே தங்கிப் பாடம் சொன்னார். ஏழை வீட்டிலேதான் பயிற்சி நின்றது. போதாததற்கு, குடும்பப் பதிவு எந்த ஊரில் உள்ளதோ பொதுவாக அங்கேதான் தேர்வெழுதவேண்டும். பெய்ஜிங்கிலே கட்டடம் கட்டும் கூலியின் மகள், தேர்வுக்குச் சொந்த ஊர் திரும்பவேண்டும். தலைநகரப் பிள்ளைக்குத் தலைநகரப் பல்கலைக்கழகத்தில் இடம் எளிது, அவளுக்கு அரிது.

ஷாண்டோங் மாகாணத்து உழவர் வீட்டுப் பெண்ணொருத்தி 2004-இல் இத்தேர்வை எழுதினாள். சேர்க்கைக் கடிதம் வரவில்லை. தேறவில்லை போலும் என்று வீடு நினைத்தது. அவளும் நினைத்தாள், ஆலை வேலைக்குப் போனாள். 2020-இல், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று விண்ணப்பம் போட அரசுப் பதிவேட்டைத் தேடியவள், தான் ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்து பட்டமும் பெற்றுவிட்டதாகக் கண்டாள். பெயர் அவளுடையது. தேர்வு மதிப்பெண்ணும் அவளுடையது. ஒட்டியிருந்த படத்தில் முகம் வேறு.