தேயிலைத் தூசியும் மூச்சிழுப்பும்: தொழிலால் வரும் ஆஸ்துமாவை அறிந்துகொள்வது எப்படி?

கொழும்பு – மட்டக்களப்பு வீதியில், அப்புத்தளைக்கு ஏறும் பாதை பிரியும் சந்திதான் பெரகல. அங்கிருந்து கொஸ்லந்தை வரையும், மேலே தம்பேதன்னை வரையும் தேயிலைத் தோட்டங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது இந்த மலைகளின் பெயர் உலகமெங்கும் கேட்டது. ஆனால் தொழிற்சாலைத் தூசியில் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் நெஞ்சு செய்தியாவதில்லை. லயத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: இழுப்பு.

இது புதிய நோயல்ல. கொழும்பில் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானி தன் சகாவுடன் 1919இல் வெளியிட்ட வெப்பமண்டல மருத்துவ நூலிலேயே தேயிலைத் தொழிற்சாலை இருமல் பற்றிய குறிப்பு உண்டு. இலங்கையின் மார்பு நோய் வைத்தியர் சி.ஜி. உரகொட, தேயிலை தயாரிப்பவருக்கு வரும் ஆஸ்துமா பற்றி 1970இல் எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் குறித்த ஆய்வையும் வெளியிட்டார். கறுவா, இலவம்பஞ்சு ஆகியவற்றின் தூசியில் வேலை செய்பவர்களையும் அவர் ஆராய்ந்தார்.

எப்படி வருகிறது?

உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போதும் பொதி செய்யும்போதும் மெல்லிய தூசி எழும்பும். கொழுந்தின் நுண்ணிய மயிர்களும் அதில் கலந்திருக்கும். நாளாந்தம் இதைச் சுவாசிக்கும் சிலருடைய உடல் அதை எதிரியாகக் கருதப் பழகிவிடுகிறது. அதன்பின் சிறிதளவு தூசி பட்டாலே மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். இப்படி ஆவதற்குச் சில மாதங்களும் ஆகலாம், பல வருடங்களும் ஆகலாம். "இத்தனை வருசம் இதே வேலைதானே செய்தேன், இப்போது மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இன்னொரு வகையில், குளோரின் போன்ற வாயுவை ஒரே தடவை அதிகமாகச் சுவாசித்தாலும் ஆஸ்துமா தொடங்கலாம். வளர்ந்தவர்களிடம் காணப்படும் ஆஸ்துமாவில் சுமார் 15 வீதத்துக்குத் தொழில் காரணமாகிறது என அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2003இல் மதிப்பிட்டது. கோதுமை மா, மரத்தூள், வர்ணப் பூச்சு என்பவையும் காரணிகளே. ஆகவே வன்னியில் வெதுப்பகத்திலோ மரவேலைத் தளத்திலோ உழைப்பவருக்கும் இது பொருந்தும்.

எப்படிக் கண்டறிவது?

முதல் தடயம் நாட்காட்டியில் இருக்கிறது. வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் கூடி, ஞாயிறிலும் லீவிலும் குறைகிறதா? மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு முன்னதாகவே தொடங்கினவா? சில நேரம் வேலையில் ஒன்றும் தெரியாமல், இரவு வீட்டில்தான் மூச்சு முட்டும். அதனால் பழி பனிக்கும் விறகடுப்புக்கும் போய்விடுகிறது.

வைத்தியர் மூச்சளவிச் சோதனை செய்வார். மருந்து இழுத்த பின் மூச்சின் அளவு 12 வீதமும் 200 மில்லி லீற்றரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்குச் சான்று. அது தொழிலால் வந்ததா என்று அறிய, ஊதிப் பார்க்கும் சிறு கருவியால் நாளுக்கு 4 தடவையாவது அளந்து, வேலை நாட்களும் லீவு நாட்களும் அடங்க 4 வாரங்கள் எழுதிவைக்க வேண்டும். இருமல் 2 வாரங்களைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

என்ன செய்யலாம்?

மருந்து மட்டும் போதாது. அதே தூசிக்கே திரும்பினால் நோய் முற்றும். ஆரம்பத்திலேயே விலகியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். காலம் தாழ்த்தினால், வேலையை விட்ட பின்னும் இழுப்பு விடாது.

ஆனால் தோட்டத்தில் வேலையோடு லயமும் பிணைந்திருக்கிறது. அந்தப் பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். வேலையை விடுவது ஒன்றே வழியல்ல. தூசி இல்லாத பகுதிக்கு மாற்றம், தூசி உறிஞ்சும் விசிறி, சரியான முகக்கவசம் ஆகியவற்றைத் தொழிற்சங்கம் மூலம் கேட்கலாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் விபத்துகளுடன் தொழில்சார் நோய்களையும் கருத்தில் கொள்கிறது.

அதற்கெல்லாம் முதலில் எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும். கிளினிக் போகும்போது "இழுப்பு" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த அறையில், எந்த வேலை, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். அதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள்.