இபிசா தீவின் இரவுக் கேளிக்கை

இபிசா, மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் ஸ்பெயினுக்கு உரிய பலேயாரிக் தீவுகளில் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 570 சதுர கிலோமீட்டர். ஒன்றரை லட்சம் பேர் அளவில் வாழும் இத்தீவுக்கு உலகப் பெயர் தேடித் தந்தவை அதன் நடன விடுதிகள். 1970களில் பண்ணை வீட்டு முற்றங்களில் தொடங்கிய ஆட்டம், ஐம்பதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் விலை மிகுந்த பொழுதுபோக்குகளில் ஒன்றாகிவிட்டது. அதே காலத்தில் போதைப்பொருள், இரைச்சல், குடி ஆகிய மூன்றின் மீதும் சட்டத்தின் பிடி இறுகி வந்தது. இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று வளர்த்தன. கட்டுப்பாடு ஒவ்வொன்றும் அதற்கான செலவைத் தாங்க முடியாத சிறு இடங்களை ஓரங்கட்டி, கைமுதல் பெருத்த நிறுவனங்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தது.

முன்வரலாறு

கி.மு. ஏழாம் நூற்றாண்டில் பீனீசியர்கள் இங்கு குடியேறினர். 1235இல் காட்டலான் படைகள் தீவைக் கைப்பற்றின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உப்பளம், மீன்பிடிப்பு, வானம் பார்த்த வேளாண்மை ஆகியவையே தீவு மக்களின் பிழைப்பு. 1930களில் மலிவான வாழ்க்கையை நாடி ஐரோப்பிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்தனர். ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1932இலும் 1933இலும் இங்குத் தங்கியிருந்தார்.

ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் அடங்கிக் கிடந்த தீவு, 1966இல் விமான நிலையம் பன்னாட்டுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் விழித்துக்கொண்டது. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி சுற்றுலாவை ஊக்குவித்தது. தலைநகரிலிருந்து எட்டத்தில் இருந்த தீவில் வெளிநாட்டாரின் நடை உடையை அதிகாரிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. வியட்நாம் போருக்கு ஆள் பிடிப்பதற்குத் தப்பிய அமெரிக்க இளைஞர்களும் ஹிப்பிகளும் வந்து சேர்ந்தனர். அவர்களில் பலர் கோடையை இபிசாவிலும் குளிர்காலத்தைக் கோவாவிலும் கழித்தனர். இரு இடங்களிலும் ஹிப்பிச் சந்தைகள் இன்றும் நடக்கின்றன. பார்பெ ஷ்ரோடர் இயக்கி 1969இல் வெளிவந்த ‘மோர்’ திரைப்படம் இத்தீவில் ஹெராயினுக்கு அடிமையாகும் இளைஞன் ஒருவனின் கதை. பிங்க் ஃபிளாய்ட் குழு இசையமைத்த அந்தப் படம், போதைக்கும் இபிசாவுக்கும் ஒரு முடிச்சை முதலிலேயே போட்டுவிட்டது.

திறந்த வெளியில் தொடங்கிய விடுதிகள்

காட்டலோனியக் கடற்கரை ஊரான சிட்ஜெஸில் 1967இல் ‘பாச்சா’ விடுதியைத் தொடங்கிய ரிக்கார்டோ உர்ஜெய், 1973இல் அதன் இபிசா கிளையைத் திறந்தார். இரட்டைச் செர்ரிப் பழச் சின்னம் பின்னாளில் உலகெங்கும் பரவியது. 1976இல் சான் ரஃபேல் சிற்றூர் அருகே பழைய பண்ணை வீடொன்றில் ‘அம்னீசியா’ பிறந்தது. அதைத் தொடங்கியவர் தத்துவ ஆசிரியர் அந்தோனியோ எஸ்கொஹொதாதோ. 1980களில் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற அவர், சிறையில் இருந்த காலத்தைப் போதைப்பொருள்களின் பொது வரலாற்றை எழுதப் பயன்படுத்திக்கொண்டார். 1989இல் வெளிவந்த அந்நூல் ஸ்பானிய மொழியில் இத்துறையின் முதன்மை நூலாகக் கருதப்படுகிறது.

1978இல் திறந்த ‘கு’ விடுதியில் ஆடுதளத்தின் நடுவே நீச்சல் குளம் இருந்தது. 1987இல் பாடகர்கள் ஃபிரெடி மெர்க்குரியும் மொன்செராத் கபாயேவும் ‘பார்சலோனா’ பாடலை அங்கு மேடையேற்றினர். பிற்காலத்தில் அவ்விடுதி ‘பிரிவிலேஜ்’ எனப் பெயர் மாறி, பத்தாயிரம் பேர் கொள்ளும் உலகின் மிகப் பெரிய இரவு விடுதி எனக் கின்னஸ் பதிவிலும் ஏறியது. சான் அந்தோனியோ கடற்கரையில் 1980இல் திறந்த ‘கஃபே தெல் மார்’, கதிரவன் மறையும் வேளைக்கென்றே ஒரு மெல்லிசை மரபை உருவாக்கியது.

அந்நாளைய விடுதிகளுக்குக் கூரை கிடையாது. மீனவர், பணக்காரர், ஓரினச் சேர்க்கையாளர், நாடோடிகள் எல்லாரும் ஒரே தளத்தில் ஆடினர் என்பது அக்காலம் பற்றி அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. அம்னீசியாவில் இசைத்தட்டு இயக்கிய அர்ஜென்டினர் அல்ஃபிரெதோ ஃபியோரிதோ (இறப்பு 2024) ராக், ரெக்கே, பாப், சிகாகோ ஹவுஸ் என எல்லாவற்றையும் ஒரே இரவில் கலந்து கொடுத்தார். ‘பலேயாரிக்’ எனப்படும் பாணி இதிலிருந்தே வளர்ந்தது.

பிரித்தானிய அலை

1987 கோடையில் லண்டனிலிருந்து வந்த பால் ஓக்கன்ஃபோல்ட், டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் ஆகிய நான்கு டிஜேக்கள் அல்ஃபிரெதோவின் இசையைக் கேட்டனர். எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ. மாத்திரையும் அப்போது தீவில் புழங்கியது. ஊர் திரும்பியவர்கள் அந்த அனுபவத்தை லண்டனில் மீண்டும் உருவாக்க முயன்றனர். ராம்ப்ளிங்கின் ‘ஷூம்’ விடுதியும் 1988இல் ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசையின் எழுச்சியும் அதன் விளைவுகள். அடுத்த பத்தாண்டுகளில் மலிவு விலைப் பயணத் திட்டங்களில் பிரித்தானிய இளைஞர் கூட்டம் கூட்டமாக வந்திறங்கியது.

1989இல் பெப்பே ரொசெயோ திறந்த ‘ஸ்பேஸ்’, மற்ற விடுதிகள் மூடும் விடிகாலையில் கூட்டத்தை வரவேற்று நண்பகல் தாண்டியும் ஆட வைத்தது. 1994இல் தொடங்கிய ‘மேனுமிஷன்’ நிகழ்ச்சி பாலியல் காட்சிகளால் பெயரெடுத்தது. 1997இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ‘இபிசா அன்கவர்டு’ தொடர் சான் அந்தோனியோவின் குடிக் கூத்தை வீட்டு வரவேற்பறைகளுக்குக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு, தம் நாட்டவரின் நடத்தையைத் தாள முடியாமல் பிரித்தானியத் துணைத் தூதர் மைக்கேல் பிர்க்கெட் பதவி விலகினார்.

சட்டமும் கெடுபிடியும்

முதலில் வந்தது இரைச்சல் கட்டுப்பாடு. 1990களின் தொடக்கத்தில் அம்னீசியா, கு போன்றவை ஆடுதளத்துக்குக் கூரை போட வேண்டியதாயிற்று. கூரை வந்ததும் ஒலி, ஒளி, குளிரூட்டல் ஆகியவற்றில் பெருமுதலீடு தேவைப்பட்டது. முற்றத்தை வைத்து விடுதி நடத்தும் காலம் அத்துடன் முடிந்தது.

போதைப்பொருளைப் பொறுத்தவரை, சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பது ஸ்பெயினில் குற்றவியல் குற்றம் அன்று. விற்பனை குற்றம். கோகெயின், எம்.டி.எம்.ஏ. போன்ற கடுங்கேடு தரும் பொருள்களை விற்றால் பொதுவாக 3 முதல் 6 ஆண்டு சிறை. பொது இடத்தில் பயன்படுத்துவதையும் வைத்திருப்பதையும் 1992ஆம் ஆண்டின் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் அபராதத்துக்கு உரியதாக்கியது. விடுதி நடத்துவோர் தம் இடத்தில் போதைப் புழக்கத்தைக் கண்டும் காணாமல் விடுவதையும் அது தண்டனைக்கு உள்ளாக்கியது. 2015இல் வந்த புதிய சட்டம் குறைந்தபட்ச அபராதத்தை 601 யூரோவாக உயர்த்தியது. உச்ச வரம்பு 30,000 யூரோ.

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேகம் தீவில் உணரப்பட்டது 2007இல். போதைப் புழக்கத்தைக் காரணம் காட்டி அம்னீசியா, டிசி-10, போரா போரா ஆகிய மூன்று விடுதிகளையும் தற்காலிகமாக மூட அரசு ஆணையிட்டது. 2008இல் விடிந்த பிறகும் தொடரும் ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. விடுதிகள் காலை 6 மணிக்கு மூட வேண்டும் என்றானது. ஸ்பேஸின் அடையாளமே காலை நேரம்தான் என்பதால் அதற்கே அடி பலம். 2015 கோடையில் பிரித்தானியாவின் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல் துறையினர் இருவர், தம் நாட்டுப் பயணிகளைக் கையாள உள்ளூர்க் காவலர்களுக்கு உதவியாகச் சான் அந்தோனியோ தெருக்களில் சுற்றி வந்தனர்.

கெடுபிடியால் சந்தை மறையவில்லை, சரக்குதான் மாறியது. அண்மை ஆண்டுகளில் பரவிய ‘துசி’ என்னும் இளஞ்சிவப்புப் பொடிக்கு ‘இளஞ்சிவப்புக் கோகெயின்’ என்று பெயர். ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பவை கெட்டமினும் எம்.டி.எம்.ஏ.யும்தான். 2024இல் இபிசாவையும் மாலகாவையும் மையமாகக் கொண்ட நடவடிக்கையில் ஸ்பானியத் தேசியக் காவல் துறை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்டசி மாத்திரைகளையும் பெருமளவு துசியையும் கைப்பற்றியது. இன்னொரு பக்கம், 1997இல் பார்சலோனாவில் தொடங்கிய ‘எனர்ஜி கண்ட்ரோல்’ அமைப்பு, பயன்படுத்துவோர் கொண்டுவரும் பொருளைச் சோதித்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் சேவையை நடத்துகிறது. தண்டனையால் தடுப்பதா, தீங்கைக் குறைப்பதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

விலையேற்றத்தின் வழிகள்

விடுதிகளின் வருவாய் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான சீசனுக்குள் அடங்கியது. ஆண்டு முழுமைக்குமான செலவை ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். 2000களுக்குப் பின் அமெரிக்காவில் மின்னிசைக்குச் செல்வாக்குப் பெருகி, லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் டிஜேக்களுக்குப் பெருந்தொகை தரத் தொடங்கின. இபிசாவும் அந்தப் போட்டியில் இறங்க நேர்ந்தது. டிஜேக்கள் கேட்கும் தொகை தொழிலையே கெடுக்கிறது என்று பாச்சா நிறுவனர் உர்ஜெய் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்.

திருப்புமுனை 2011இல் வந்தது. ஸ்பெயினின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் அபெல் மத்தூத்தெஸின் குடும்பத்தினர் பிளாயா தென் போஸா கடற்கரையில் ‘உஷுவாயா’ ஹோட்டலைத் திறந்தனர். ஹோட்டல் முற்றத்தில், பகலில் தொடங்கி நள்ளிரவுக்குள் முடியும் நிகழ்ச்சி அது. காலை ஆட்டத்துக்குத் தடை வந்த தீவில், மாலை ஆட்டம் சட்டத்தோடு மோதாமல் நடந்தது. அறை, உணவு, மது, இசை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கல்லாவில் சேர்ந்தன. ஆடுதளத்தைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விற்கப்படும் விஐபி மேசைகள் நுழைவுச் சீட்டைவிட முக்கிய வருவாய் ஆயின. 2014இல் அருகிலேயே திறந்த ‘சப்லிமோஷன்’ உணவகத்தில் ஒருவருக்கான சாப்பாடு 1,500 யூரோவுக்கு மேல்.

2016 அக்டோபரில் ஸ்பேஸ் மூடப்பட்டு, அதே கட்டடத்தில் 2017இல் மத்தூத்தெஸ் குழுமத்தின் ‘ஹாய் இபிசா’ வந்தது. அதே 2017இல் உர்ஜெய் பாச்சாவை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். 2023இல் துபாயின் ஃபைவ் ஹோல்டிங்ஸ் அதை 30 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லாமல் கடற்கரையில் யாரும் ஆடக்கூடியதாக இருந்த போரா போரா 2022இல் மூடப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பின் திறக்காமல் கிடந்த பிரிவிலேஜ், 2025இல் ‘யுனிவர்ஸ்’ என்ற பெயரில் மத்தூத்தெஸ் குழுமத்தின் கையில் உயிர்பெற்றது.

இன்று புகழ்பெற்ற டிஜேயின் இரவுக்குச் சீட்டு விலை 60 முதல் 100 யூரோ வரை செல்கிறது, சில இரவுகளில் அதற்கும் மேல். உள்ளே ஒரு சிறு பாட்டில் தண்ணீர் 10 யூரோவைத் தாண்டும். தீவின் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிப்பதால் அதைக் குடித்துச் சமாளிக்கவும் முடியாது. எம்.டி.எம்.ஏ. உடல் வெப்பத்தைக் கூட்டித் தாகத்தை ஏற்படுத்துவது. ஆகவே தண்ணீரின் விலை நலவாழ்வுப் பிரச்சினையாகவும் பேசப்படுகிறது.

குடிக்கு எதிரான சட்டம்

2020 ஜனவரியில் பலேயாரிக் அரசு ‘அத்துமீறிய சுற்றுலா’வுக்கு எதிராக ஆணைச்சட்டம் பிறப்பித்தது. மயோர்க்கா தீவின் மாகலுஃப், பிளாயா தெ பால்மா பகுதிகளோடு இபிசாவில் சான் அந்தோனியோவின் வெஸ்ட் எண்ட் தெருக்களும் அதில் அடங்கின. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போன்ற மதுச் சலுகைகள், விடுதி விடுதியாகச் சென்று குடிக்கும் ஏற்பாடுகள், இரவு 9:30 முதல் காலை 8 வரை கடைகளில் மது விற்பனை ஆகியவை தடை செய்யப்பட்டன. எல்லாம் அடங்கிய கட்டணத் திட்டத்தில் ஒருவருக்கு நாளைக்கு ஆறு கோப்பை மது மட்டுமே. மீறினால் அபராதம் 6,000 முதல் 6 லட்சம் யூரோ வரை. 2024இல் அப்பகுதிகளில் தெருவில் குடிப்போருக்கு 500 முதல் 1,500 யூரோ அபராதம் வந்தது. கேளிக்கைப் படகுகள் கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள் வருவதும் தடுக்கப்பட்டது.

இச்சட்டம் மலிவு மதுக்கடைகளின் தெருக்களைக் குறிவைத்தது என்பதும், ஒரு மேசைக்குப் பல்லாயிரம் யூரோ வாங்கும் பெருவிடுதிகளின் மது வணிகத்தை அது தொடவில்லை என்பதும் அதன் மீதான முக்கிய விமர்சனம். தெருவோர வன்முறையும் மாடியிலிருந்து நீச்சல் குளத்தில் குதித்து நேரும் சாவுகளும் மலிவு மதுவோடு தொடர்புடையவை என்பது அரசுத் தரப்பு வாதம்.

தீவு மக்கள் மீதான விளைவு

விலையேற்றத்தின் கடுமை பயணிகளைவிட உழைப்போரையே அதிகம் தாக்கியது. வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்குச் செல்ல, சீசன் தொழிலாளர்கள் கூடாரங்களிலும் வேன்களிலும் தங்கினர். ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் வீடு கிடைக்காமல் இபிசாப் பணியிடங்களைத் தவிர்த்தனர். 2024 ஜூலையில் ‘கான் ரோவா’ என்ற இடத்தில் கூடாரமிட்டு வாழ்ந்த நூற்றுக்கணக்கானோர் நீதிமன்ற ஆணைப்படி வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் ஹோட்டல்களிலும் கட்டுமானத்திலும் வேலையில் இருந்தவர்கள். விடுதிகளிலிருந்து வரும் அழைப்புகளால் அவசர ஊர்திச் சேவை திணறுவதாக அதன் ஊழியர்கள் 2025இல் முறையிட்டனர்.

2016 முதல் பயணிகளிடம் இரவுக் கணக்கில் வரி வாங்கப்படுகிறது. 2022இன் சட்டம் பலேயாரிக் தீவுகளில் புதிய சுற்றுலாப் படுக்கைகளுக்கு நான்கு ஆண்டுத் தடை போட்டது. 2025 கோடையில் இபிசாவுக்குள் வரும் வண்டிகளுக்கு 20,168 என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

மதிப்பீடு

ஆண்டுதோறும் இபிசாவுக்கும் பக்கத்துத் தீவான ஃபொர்மெந்தேராவுக்கும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். வருவோர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்து, ஒவ்வொருவரும் செய்யும் செலவைக் கூட்டுவதே தீவு நிர்வாகத்தின் வெளிப்படையான நோக்கம். பெருவிடுதிகள் இந்தக் கணக்கை அரசுக்கு முன்பே போட்டுவிட்டன. ஆனால் அதிகம் செலவழிக்கும் பயணி அதிக ஆட்களிடம் வேலை வாங்குபவர். அந்த ஆட்கள் குடியிருக்க வேண்டிய வீட்டுக்கும் அவரோடு போட்டியிட வேண்டியுள்ளது. குடி, போதை, இரைச்சல் ஆகியவற்றைக் குறைக்கும் சட்டங்கள் இந்த முரணைத் தீர்க்கவில்லை. வாடகைக் கட்டுப்பாடும் தொழிலாளர் குடியிருப்பும் இரவு விடுதிகள் பற்றிய அரசியல் விவாதத்தின் மையத்துக்கு வந்திருப்பது அதனாலேயே.