கடற்கரைத் தமிழ் அச்சேறிய கதை – 4

புன்னைக்காயலிலிருந்து தோணிகள் கிளம்பின என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அவை தேடி வந்த கரை எங்களுடையது. வங்காலையில் புனித ஆனாள் கோவிலைத் தாண்டிக் கடலோரம் நடந்து போனால், வடமேற்கே மன்னார்த் தீவு. 1560இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டி, முத்துக்குளித்துறைப் பரதவர் பலரை அதன் நிழலில் குடியேற்றினார்கள். சனத்தோடு சனமாக அவர்களுடைய சுவாமியும் வந்து சேர்ந்தார். அன்றீக்கே அன்றீக்கசு. வயது நாற்பது.

போர்த்துக்கலில் யூத மரபில் பிறந்தவர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டிப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே விட்டது. இயேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியா வந்தார். சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர், மீன் காயும் மணலில் உட்கார்ந்து ஒரு புது மொழிக்குக் காது கொடுத்தார். சவேரியார் சுவாமி இந்தக் கரைகளில் செபங்களை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தவர். மற்றதற்கெல்லாம் துபாசி வேண்டும். அன்றீக்கசு துபாசியை விலக்கிவிட்டு, தமிழுக்கு இலக்கணமே எழுதத் தொடங்கினார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது.

அவர் மனதில் இருந்தது பெரிய ஆசை. புனிதர்களின் வாழ்க்கையை, அவர்கள் நம்பியதை, அதற்காகப் பட்டதைச் சனங்களின் பேச்சிலேயே சொல்லும் ஒரு நூல். இந்த மண்ணுக்கு அது அந்நியமான வகை அல்ல. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பக்கத்தில்தான். 63 நாயன்மார் கதை கேட்டு வளர்ந்த மொழி இது. பின்னாளில் தம் முதல் நூலுக்குப் பெயர் வைக்கும்போது, கடவுளுக்குச் சைவர் வழங்கிய ‘தம்பிரான்’ என்ற சொல்லையே அவர் எடுத்தார். மொழியை மேலோட்டமாகக் கற்றவருக்கு அந்தத் துணிவு வராது என்றே நான் நினைக்கிறேன்.

ஏட்டில் எழுதலாம். ஆனால் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதி எத்தனை ஊருக்குக் கொடுப்பது? லிஸ்பனில் 1554இலேயே தமிழ்ச் செபங்கள் அச்சாகிவிட்டன. அதில் தமிழ் ஒலி இருந்தது. எழுத்து மட்டும் ரோமன் எழுத்து. அரிப்பிலோ வேம்பாற்றிலோ ஒரு பரதவர் அதைக் கையில் வாங்கினால் வெறும் கீறல்தான்.

சில ஆண்டுகளில் சுவாமி மறுபடி எதிர்க்கரைக்குப் போய்விட்டார். ஆசை விடவில்லை. கரையோரச் சனங்கள் அச்சுச் செலவுக்குத் தங்கள் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கடலின் அடியில் மூச்சை அடக்கிச் சம்பாதித்த பணம் அது.

1577. கோவாவில் ஸ்பானியச் சகோதரர் ஒருவர், ஜுவான் கொன்சால்வெஸ், தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து முடித்தார். எல்லாம் கைகூடிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருடமே கொல்லத்தில் ஜுவான் தெ ஃபரியா என்னும் இன்னொரு பாதிரியார் அதே தமிழ் எழுத்துகளை முதலிலிருந்து மறுபடி வார்க்கத் தொடங்கினார்.

கோவாவில் வார்த்த எழுத்துக்கு என்ன குறை?

(தொடரும்)